குறியீடு 99

முதலில் தராசு.
செருப்பைக் கழற்றச் சொல்கிறேன்.
சட்டைப்பைக்குள் கிடக்கும் திறப்பையும் போனையும்
வாங்கி மேசையில் வைக்கிறேன்.
நாற்பத்தொன்று தசம் மூன்று.
"திறப்போட நிண்டா நாப்பத்தொண்டரை வரும், தங்கச்சி.
சேர்த்து எழுதுங்கோவன்" என்கிறார்
சல்லியில் கரைவலை இழுத்த வில்வரெத்தினம்.

மார்பு நோய் கிளினிக்கின் பின்னறை.
யன்னல்களை மூடக்கூடாது, காற்று ஓட வேண்டும்.
காற்றோடு துறைமுகத்து டீசல் வருகிறது,
முன்கடையில் றோல்ஸ் பொரியும் மணமும் வருகிறது.
அதற்குள் இருந்துகொண்டுதான் கேட்க வேண்டும்:
நேற்று எழும்பியதிலிருந்து படுக்கும்வரை
என்னென்ன சாப்பிட்டீர்கள்?

படங்களைக் காட்டுகிறேன்.
ஒரு கோப்பைச் சோறு. அரை. கால்.
தீப்பெட்டி அளவில் ஒரு மீன் துண்டு.
அவர் மீனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிக்கிறார்.
"இது எந்தக் கடல்?"
சிரிக்கப்போய் இருமல் வருகிறது.
முழங்கை மடிப்பால் வாயை மூடுகிறார்,
நன்றாகப் பழக்கியிருக்கிறோம்.

விடிய, குளிசை.
பிறகு பிளேன்ரீ, சீனி இல்லாமல்.
(சீனி வேண்டாமென்றில்லை. சீனி இல்லை.)
பகல் சோறு, சூடைக் கருவாடு.
இரவு பாண், சம்பல்.
முட்டை?
"பக்கத்து வீட்டுக்காரி ஒண்டு தந்தவ."
சாப்பிட்டீங்களா?
"முட்டை வீட்டுக்கு வந்தது.
வீட்டில நாங்கள் நாலு பேர்."

ஆம் என்று ஒரு பெட்டி. இல்லை என்று ஒரு பெட்டி.
பேனை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

"ஒண்டு சொல்லட்டே? எழுதாதேங்கோ.
வருத்தம் இருக்கேக்க பசி இல்லை. அது வசதி.
குளிசை தொடங்கி ரெண்டாம் கிழமை
பசி வந்திட்டுது பாருங்கோ,
ராவு மூண்டு மணிக்கு எழும்பிப் பானையைத் திறக்கிறன்.
உள்ளுக்குப் பிள்ளையளின்ர காலைச் சோறு.
ரெண்டு நாள் குளிசையை விட்டனான்.
சுகம் ஆறுதலா வரட்டும் எண்டு."

பசி திரும்புவது நல்ல அறிகுறி.
எங்கள் கைநூலின் ஏழாம் பக்கம்.
தமிழில் அந்த வரியை எழுதியவள் நான்தான்.

எழுதாதே என்றதை எழுதவில்லை.
முட்டையை மட்டும் ஓரத்தில் எழுதினேன்.
கொழும்பிலிருந்து போன் வந்தது:
ஓரக் குறிப்புகளைக் கணினி வாசிக்காது,
பெட்டிக்குள் அடங்காததற்கு 99 போடுங்கள்.
99 என்றால் பதில் இல்லை.

அவர் பதில் சொன்னார்.

பஸ் நிலையத்தில் பின்னேரம் மான்கள் நிற்கின்றன.
ஒன்று சொப்பிங் பையைக் கிழித்து
வாழைப்பழத் தோல் எடுக்கிறது.
சாம்பல்தீவு பஸ் வரும்வரை
படிவத்தின் பின்பக்கத்தில் கேள்விகள் எழுதுகிறேன்:
திரும்பி வரும் எடையில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு?
குளிசையும் வெறும் வயிறும் சந்தித்தால்
ஈரல் என்ன பாடுபடும்?
ஒருவருக்கென்று கொடுக்கும் பருப்பை நாலு பேர் தின்றால்
நாலு பேருக்கும் கொடுத்துப் பார்த்தால் என்ன?
இங்கே, சல்லியில், யார் நிறுத்துப் பார்த்தது?
மான் பையையும் மெல்லத் தொடங்குகிறது.
பஸ் வந்துவிட்டது.

அடுத்த மாதம்.
நாற்பத்திரண்டு தசம் பூச்சியம், திறப்பு இல்லாமல்.
கதிரையில் இருந்ததும் காற்சட்டைப்பையிலிருந்து
பேப்பரில் சுற்றிய எதையோ எடுக்கிறார்.
அவித்த முட்டை.
"நீங்கள் நெடுகக் கேக்கிறீங்கள்" என்று சொல்லி
மேசை விளிம்பில் தட்டி உரிக்கிறார்,
கோதை ஒரு துண்டும் விடாமல் பேப்பரில் சேர்க்கிறார்,
யன்னல் பக்கம் திரும்பி
அவசரமாக, களவாகச் சாப்பிடுகிறவர்போல் சாப்பிடுகிறார்.
"இப்ப போடுங்கோ. முழுசு."

ஆம் பெட்டியில் அடையாளம் போட்டேன்.
எண்ணிக்கை: ஒன்று.
ஓரத்தில், கணினி வாசிக்காத இடத்தில்,
வீட்டில் என்றால் கால் என்று எழுதினேன்.

"உப்பு இருந்தா நல்லாயிருக்கும்" என்றார்.
லாச்சியைத் திறந்து பார்த்தேன்.